பெரில் தாக்ரேயின் மானம்

மனித குலத்தின் வரலாறு என்பது குளிரை வென்ற வரலாறு. வாடகை வீடுகளுக்கு எரிசக்திச் சிக்கனத் தரம் வகுப்பதன் மூலம் நம் நகரம் அதன் பொன்னான அத்தியாயத்தை எழுதப்போகிறது என்று கவுன்சிலர் ஓல்ட்ராய்ட் முழங்கினார். கூட்டத்துக்கு வந்திருந்த வாடகைக்காரர்கள் நாங்கள் கையுறையோடு கைதட்டினோம். நகர மன்றக் கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் போன மாதமே படுத்துவிட்டது.

முதல் வரைவில், வாடகை வீட்டு ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி வேண்டும் என்றிருந்தது. வீட்டுக்காரர்கள் சங்கம் வந்து டீ குடித்துவிட்டுப் போன பிறகு அது 'நல்ல நிலையிலுள்ள ஜன்னல்' ஆயிற்று. இன்னொரு டீக்குப் பிறகு வெறும் 'ஜன்னல்'. கடைசியில் தேறியது இவ்வளவுதான்: அதிகாரி வரும்போது வீட்டுக்குள் குறைந்தது பதினெட்டு டிகிரி சூடு இருக்க வேண்டும், சுவரில் பூஞ்சை இருக்கக் கூடாது. எது தவறினாலும் வீட்டுக்காரர் குளிர்காலத்துக்குள் கட்டடம் முழுவதையும் சரிசெய்தாக வேண்டும்.

எங்களுக்கு அதுவே போதும் என்றிருந்தது. எங்கள் வீட்டுக்காரன் கார்சைட், ஒரு பழைய வீட்டை நாலாக வெட்டி வாடகைக்கு விட்டிருக்கிறான். மேலே நானும் என் மகள் பெத்தனியும். அவள் கட்டிலை ஒட்டிய சுவரைத் தொட்டால் தவளை முதுகைத் தொட்ட மாதிரி இருக்கும். அக்டோபரில் தொடங்கும் இருமல் ஈஸ்டருக்குத்தான் நிற்கும். கீழே பெரில் தாக்ரே. அவள் சுவரில் பூஞ்சை கரேலென்று கூரை வரை ஏறியிருக்கும். ஈரத்துணியை வாளியில் மறந்துவிட்ட நாற்றம். ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் எழுந்து, "என் சுவரை வந்து பாருங்கய்யா! மோந்து பாருங்க!" என்று கத்துவாள். அதனால் முதல் சோதனைக்கு அவள் வீட்டையே தேர்ந்தெடுத்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கார்சைட் ஒரு செங்கல்லைக்கூடத் தொடவில்லை. சோதனைக்கு முந்தின நாள் வந்து பெரிலின் கதவைத் தட்டினான்.

"பெரில் கண்ணு, நாளைக்குக் கவுன்சிலரும் வர்றாராம். பேப்பர்காரன் வேற கேமராவோட வர்றான். ஊரே உன் வீட்டைப் பாக்கப்போகுது."

அதோடு போய்விட்டான். சாயங்காலம் பெரில் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"உன் ஹீட்டரைக் குடு."

"எதுக்கு?"

"வர்றவங்களைக் குளிர்ல உக்காரவைக்கச் சொல்றியா?"

"குளிர்ல உக்காரட்டும்னுதானே பெரில் கூப்பிட்டோம்!"

"அடிப் போடி. எங்கம்மா செத்த அன்னிக்குக்கூட எங்க வீட்ல யாரும் கோட்டோட உக்காரல."

"அந்தச் சுவரையாவது விட்டுவைங்க."

"விட்டுவைக்கிறதா? ரெண்டு தடவை பிளீச் போட்டுத் தேச்சாச்சு. இனிமேதான் வெள்ளையடிக்கணும்."

நான் கொடுக்கவில்லை. அவளே பிளக்கைப் பிடுங்கி ஹீட்டரை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் அந்த அறையில் நாலு குடித்தனத்து ஹீட்டர்களும் கனன்றன. அடுப்பில் ஸ்கோன் என்ற குட்டி ரொட்டி வெந்துகொண்டிருந்தது. ஓல்ட்ராய்ட் கோட்டைக் கழற்றினார், பிறகு ஸ்வெட்டரையும் கழற்றினார். சோதனை அதிகாரி லம் வெப்பமானியைப் பார்த்து "இருபத்தி மூணு" என்றார். மூக்கைச் சுளித்து, "என்னமோ பெயின்ட் வாடை அடிக்குதே?" என்றார்.

"மாற்றத்தின் வாசனை!" என்றார் ஓல்ட்ராய்ட்.

லம் முட்டாள் இல்லை. "அம்மா, ஈரம்னு புகார் சொன்னது நீங்கதானே?" என்று கேட்டார்.

பெரில் டீ ஊற்றி அவரிடம் நீட்டினாள். என்னால் பொறுக்க முடியவில்லை. "சுவரோரம் இருக்கிற அந்தத் துணி அலமாரியை நகத்திப் பாருங்க சார், அதுக்குப் பின்னால வெள்ளையடிக்கல."

கேமரா திரும்பியது. பெரில் ஓடிப்போய் அலமாரியில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"பூஞ்சையா? என் வீட்லயா? வாரத்துக்கு ரெண்டு தடவை தேச்சுக் கழுவுற வீடு இது! மேல இருக்கிறவளுக்கு வேணா இருக்கும். தொடச்சாத்தானே?"

"அப்ப மேல வாங்க சார், என் வீட்டைப் பாருங்க!" என்றேன்.

"கட்டடத்துக்கு ஒரு வீடுதாம்மா. விதி அப்படி," என்றார் லம். பேனா மூடியைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"நல்ல பொண்ணு பெரில். வீட்டைக் கண்ணா வெச்சிருக்கா," என்றான் கார்சைட். ஸ்கோனில் அவன் அப்பிக்கொண்ட ஜாம் மோவாயில் வழிந்தது. துடைத்த விரலையும் நக்கினான். பெரில் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் படம் எடுத்தார்கள்.

கட்டடம் முதல் வகுப்பில் தேறியது. அடுத்த சோதனை பத்து வருஷம் கழித்துத்தான். அதற்குள் பெத்தனிக்குப் பதினேழு வயதாகிவிடும். சான்றிதழை நுழைவாசல் சுவரில் ஒட்டப் பார்த்தார்கள். சுவர் ஈரமாக இருந்ததால் பசை பிடிக்கவில்லை, ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள்.