இரட்டைக் கோடு

மூக்குக்கண்ணாடிக் கடையில் புதுக்கண்ணாடி மாட்டியவர்களுக்கு முதலில் தெரிவது முகப்பில் நிற்கும் விற்பனையாளர்தான். மனைவி காலமான பிறகு அவர் கசங்கிய சட்டையோடுதான் வந்து நின்றார். ஒருநாள் ஒருவர் கண்ணாடியை மாட்டியதுமே, "அடேயப்பா, உங்க சட்டைச் சுருக்கமெல்லாம் பளிச்சுன்னு தெரியுதே!" என்று சிரித்துவிட்டார்.

மாலையில் முதலாளியம்மா கூப்பிட்டார். "அண்ணே, உங்க கஷ்டம் புரியாம இல்ல. நாளைக்கும் இப்படியே வந்தீங்கன்னா உள்ளே லென்ஸ் வெட்டப் போயிடுங்க."

உள்ளே இயந்திர இரைச்சல்தான், பேச்சுத்துணை கிடையாது. வீட்டிலும் அது இல்லாமல் போயிருந்தது.

தேய்த்த சட்டை இல்லாமல் இல்லை. அவள் கடைசியாகத் தேய்த்த மூன்று, அலமாரியில் தொங்கின. போட்டால் கசங்கும், கசங்கினால் துவைக்க வேண்டும், துவைத்தால் அவள் கைவேலை போயே போய்விடும். அவள் சுற்றிவைத்த இஸ்திரிப்பெட்டி ஒயரைக்கூட அவர் பிரிக்கவில்லை.

மகள் தொலைபேசியில் கடிந்துகொண்டாள். "அம்மா அதை நீங்க போடத்தாம்ப்பா தேய்ச்சாங்க, அலமாரி போட்டுக்கவா?"

மறுநாள் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். இடது கையில் வழக்கம்போல் இரண்டு மடிப்புக் கோடுகள். "தண்டவாளம் போட்டுட்டியா?" என்று அப்போதெல்லாம் அவளைக் கேட்பார். "ரயில் வந்தா ஏறிக்குங்க" என்பாள் அவள்.

கடையில் ஒரு பெரியம்மா கண்ணாடியை மாட்டி, அவர் இடது கையை உற்றுப் பார்த்து முகம் சுளித்தார். "தம்பி, இது சரியில்ல. கோடு ரெண்டு ரெண்டா தெரியுது."

முதலாளியம்மா பதறி ஓடிவந்தார். விற்பனையாளர் தன் வலது கையை நீட்டினார்.

"இதுல எத்தனைம்மா?"

"ஒண்ணுதான்."

"அப்போ கண்ணாடி சரிதான். அந்த ரெண்டும் என் வீட்டுக்காரி போட்டது."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு, அடக்க முடியவில்லை. பெரியம்மாவும் சேர்ந்துகொண்டார்.

"நீங்க இங்கேயே நில்லுங்கண்ணே" என்றார் முதலாளியம்மா.

விடுமுறையன்று சட்டையைத் துவைத்து உலர்த்தி, ஒயரைப் பிரித்து, நாக்கைக் கடித்தபடி தானே தேய்த்தார். வலது கை படிந்துவிட்டது. இடது கையைத் தூக்கிப் பார்த்தார்.

மூன்று கோடுகள்.

"உன்னையே மிஞ்சிட்டேன்டி" என்று சொல்லிக்கொண்டே, நாளைக்குப் போட அவள் தேய்த்ததில் அடுத்த சட்டையை வெளியே எடுத்து வைத்தார்.