சாமி நகர்ந்த இடம்

விடிந்தும் விடியாத நேரம். பசறை மலையில் பனி கலையவில்லை. அங்கம்மா தகரத் துண்டால் இஞ்சின் வீட்டுச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்புத் தூள் மூக்கில் ஏறி இருமல் கிளம்பியது. நகக்கண் வெடித்து ரத்தம் கசிந்தது. போன மாசம் வரை அவள் குடியிருந்த வீட்டின் சுவர் அது.

சுரங்கம் போட்டுக் காக்காப்பொன் என்ற மைக்கா தோண்ட வந்த வெள்ளைக்காரன் தண்ணீர் இறைக்கும் இஞ்சினுக்காகக் கருங்கல்லில் கட்டிய கட்டடம். சுரங்கம் கையைக் கடித்ததும் அவன் மூட்டை கட்டிவிட்டான். பிறகு தேயிலைத் தோட்டம் அதில் உரமூட்டை அடுக்கியது. ஒன்பது வருசத்துக்கு முன் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தை மண்சரிவு அள்ளிக்கொண்டு போனபோது, "மூணே மாசம்" என்று எட்டுக் குடும்பங்களை அதற்குள் தள்ளினார்கள். அந்த மூன்று மாசம் முடியவேயில்லை. இப்போது அந்தப் பழைய கட்டடத்துக்கு மவுசு வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர் வந்து பார்க்கப் பழமையைக் காப்பாற்ற வேண்டுமாம். குடியிருந்தவர்களைத் தகரக் கொட்டகைக்கு விரட்டிவிட்டு, அவர்களையே கூலிக்குப் பிடித்துச் சுவரைச் சுரண்டவிட்டது கம்பெனி. வெட்கம் மானம் எதுவும் இல்லாத கூட்டம்.

அவர்கள் குடிவருவதற்கு முன்பே வடக்கு மூலையில் குங்குமம் அப்பிய கல் ஒன்று இருந்தது. முனியாண்டி. அதைச் சுற்றி நாலு முழத்துக்கு யாரும் கால் வைக்க மாட்டார்கள், பாய் விரிக்க மாட்டார்கள். பிள்ளைகளின் பந்து உருண்டு போனாலும் கம்பால்தான் இழுப்பார்கள். ஏன் என்று கேட்டால் "சாமி எடம்" என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

வேலைக்குப் பொறுப்பாகக் கொழும்பிலிருந்து வந்தவர் நிமலன் தொரை. அன்று காலை வந்ததும் கல்லைக் காட்டினார்.

"இது பழைய வரைபடத்தில இல்ல. எடுங்க."

"அது முனி இருக்கிற எடங்க தொரை," என்றான் அங்கம்மாவின் புருசன் கிருஷ்ணராஜ்.

"முனிக்கு வெளியில இடம் குடுங்க. சனிக்கிழமை திறப்பு விழா."

ஏனோதானோவென்று எடுக்கவில்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ வந்தது. சாமி சம்மதித்துவிட்டது என்று கல்லைத் தூக்கிப் போய்ப் பலாமரத்தடியில் வைத்தார்கள். மூலையில் மஞ்சத்தண்ணி தெளித்தவள் அங்கம்மா.

"சாமி போயிருச்சுங்க. இனி இது சும்மா தரைதான். நின்னு சுரண்டுங்க," என்று புருசனிடம் சொன்னவளும் அவள்தான்.

கிருஷ்ணராஜ் அங்கே ஏணியை ஊன்றி மூன்றாம் படி ஏறினான். ஏணிக்கால் குத்திய இடத்தில் தரை உள்வாங்கியது. மண்ணுக்கடியில் உளுத்துப்போன பலகை, பலகைக்கடியில் சுரங்கக் குழி. ஏணியும் அவனும் ஒன்றாகப் போனார்கள். தண்ணீரில் விழுந்த சத்தம் வெகு ஆழத்திலிருந்து வந்தது. கயிறு கயிறாக முடிந்து இறக்கினார்கள். பெயர் சொல்லிக் கத்தினார்கள். மதியம் வரை ஒரு முனகல்கூட மேலே வரவில்லை.

"நாந்தானே நிக்கச் சொன்னேன்! நானே தள்ளிவிட்டுட்டேனே!" அங்கம்மா மாரில் அடித்துக்கொண்டு புரண்டாள்.

பக்கத்துக் குடும்பத்துச் சிவசக்தி ஏ.எல். பரீட்சை வரை படித்தவள். தொரையின் மேசையில் விரித்துக் கிடந்த பழைய வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வடக்கு மூலையில வட்டம் போட்டிருக்கு தொரை. குழி இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"அந்தக் காலத்திலேயே நிரப்பியிருப்பாங்கன்னு நினைச்சோம்."

"நெனச்சீங்களா? பாத்தீங்களா?"

அவர் படத்துக்குக் கை நீட்டினார். அவள் பின்னால் மறைத்துக்கொண்டாள். எந்தக் காலத்து மனுசரோ, குழி என்று சொன்னால் மறந்துபோவார்கள் என்றுதான் அங்கே சாமியை வைத்திருக்கிறார்கள். ஏழைகளுக்கு வரைபடம் யார் காட்டினார்கள்? அங்கம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மூன்று மணிக்குப் பதுளையிலிருந்து லொறி வந்தது. சீமெந்தும் இரும்புக் கம்பியும். நிமலன் அங்கம்மாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இந்தத் தண்ணியில இறங்கித் தேடவே முடியாதும்மா. மூடிட்டு மேல பூ வைப்போம். குடிச்சிட்டு ஏறினார்னு மட்டும் எழுதிக் குடுங்க. கம்பெனி கட்டப்போற முதல் வீடு உங்களுக்கு."

ஒன்பது வருசமாக வீடு வீடு என்று ஏங்கியவள் அவள்.

"அவரு வாயில சாராயம் பட்டதில்ல தொரை. செத்தவரு மேல பழியப் போட்டு, அந்தக் கூரைக்கடியில நான் சோறு திம்பேனா?"

குழிவிளிம்பின் கருங்கல்லில் போய் உட்கார்ந்தாள்.

"எம்புருசன மேல எடுங்க. இல்லாட்டி என்னையும் போட்டு மூடுங்க."

சிவசக்தி அவளை ஒட்டி உட்கார்ந்தாள். எட்டுக் குடும்பமும் உட்கார்ந்தது.

"ஸனூஸ்! நீ சீமெந்தை இறக்கு!" தொரை லொறிக்காரனைப் பார்த்துக் கத்தினார்.

ஸனூஸ் கீழே இறங்கி வந்து குழியை எட்டிப் பார்த்தான். "அந்த மனுசன்ட மையத்து உள்ள கெடக்கு சேர். இதுல ஒரு மூடை நான் எறக்க மாட்டேன்." சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆண்களோடு போய் அமர்ந்தான்.

"பொலிஸ் வருது. எல்லாரையும் தூக்கி உள்ள போடுவாங்க!" என்று மிரட்டினார் தொரை.

"வரட்டுங்க. அவங்களுக்கும் இந்தப் படத்தக் காட்டணும்," என்றாள் சிவசக்தி.

அப்போது தோட்டத்தின் மேல் டிவிசன் பாதையில் பேச்சுக்குரல் கேட்டது. சேதி எட்டி, பறித்த தேயிலைக் கொழுந்தை மலையிலேயே கொட்டிவிட்டு, வெறுங்கூடைகளோடு பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். பின்னாலும் ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்தவளை அங்கம்மா அதற்குமுன் பார்த்ததில்லை. அவள் கூடையைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தாள்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருங்கக்கா. எங்களுக்கும் எடம் வேணும்."

அங்கம்மா தள்ளி உட்கார்ந்தாள்.