கோழிக்கூட்டுத் தாழ்ப்பாள்

டாஃபி என்ற குதிரை நன்றாக ஓடுமா என்று யாராவது வெளியூர்க்காரன் கேட்டுவைத்தால் கூராபின் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஓட்டத்தில் என்ன குறை? நிற்கத்தான் அதற்குத் தெரியாது.

கூராபின் போட்டியில் ஒரே ஒரு மாட்டை மந்தையிலிருந்து பிரித்து, குதிரையில் விரட்டிக்கொண்டே போய்க் கம்பங்களைச் சுற்றி வரவேண்டும். மாடு கைநழுவினால் நடுவர் சாட்டையைச் சொடுக்குவார். அத்தோடு சரி, குதிரையை நிறுத்திவிட்டு வெளியே வரவேண்டும். சாட்டைச் சத்தம் கேட்டால்தான் டாஃபிக்குப் பேய் பிடிக்கும். முந்தின வருடம் தன் சொந்தக்காரர் வெர்ன் ஹாட்ரிலைச் சுமந்துகொண்டு நேராகப் பெண்கள் சங்கத்தின் கேக் மேசைக்குள் புகுந்தது. போன வருடம் குட்டைக்குள். சொட்டச் சொட்ட எழுந்து வந்த மனிதர், மறுவாரமே குதிரையை அடக்க, முன்னதைவிட நீளமான காம்புகளுள்ள கடிவாள வாய்க்கம்பி ஒன்றை வாங்கி வந்தார். அதற்கு முன்பு முறுக்குக் கம்பி. அதற்கும் முன்பு சங்கிலி வைத்தது. குதிரை ஓட ஓடக் கம்பி வளர்ந்துகொண்டே போனதே தவிர, ஓட்டம் நிற்கவில்லை.

"இந்த வருஷப் போட்டியிலயும் ஓடிச்சுன்னு வை, மறு செவ்வாய்க்கிழமையே லாரியில ஏத்திருவேன்" என்றார் வெர்ன், தேநீரை உறிஞ்சிக்கொண்டே.

"அந்த லாரி எங்க போகும்னு தெரியுமா உனக்கு?" என்றாள் தங்கை லோர்னா.

"தெரியாம என்ன? நாய்த்தீனி ஆலைக்கு."

தாயில்லாக் குட்டியாகக் கிடந்த டாஃபிக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் லோர்னா. காகிதத்தில் குதிரை அண்ணன் பேரில் இருந்ததுதான் அவளுக்கு வாய்த்த கேடு.

"அண்ணே, அதோட நாக்குல பள்ளம் விழுந்திருக்கு. ஈறு பூரா தழும்பு. ஒரு தடவை வாயத் தொறந்து பாரேன்."

"நான் என்ன பல் டாக்டரா? அதுக்கு வாய் மரத்துப்போச்சு புள்ள. இன்னும் கொஞ்சம் அழுத்தமாப் பிடிக்கணும், அவ்வளவுதான்."

இந்த மனுஷனிடம் பேசுவதும் ஒன்று, தண்ணீர்த் தொட்டியிடம் பேசுவதும் ஒன்று. லோர்னா வாதாடுவதை விட்டுவிட்டு வேறு வேலையில் இறங்கினாள்.

முதலில் வழவழப்பான, தடித்த கம்பி ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். வலி பழகிய வாய், அதற்கே டாஃபி தலையை வானத்துக்குத் தூக்கியது. பல் பார்க்க வந்த வைத்தியர், புண் ஆறும்வரை இந்த வாய்க்குள் எதுவுமே வேண்டாம் என்று கையை விரித்தார். சரி, கம்பியே இல்லாமல் ஓட்டுவோம் என்று தோழி டல்சியிடம் வாய்க்கம்பி இல்லாத கடிவாளம் ஒன்றை இரவல் வாங்கினாள். மூக்கின்மேல் பட்டை, தாடைக்கடியில் சங்கிலி, பக்கத்துக்கு ஒரு நீளக் காம்பு. எவ்வளவு வலிக்கும் என்று பார்க்க, அதைத் தன் முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொண்டு டல்சியையே இழுக்கச் சொன்னாள்.

"அய்யய்யோ, விடுடி! எலும்பு நொறுங்குது!"

"வாயில கம்பி இல்லையேடி!"

"வாயில இல்லன்னா? மூக்கெலும்ப முறிச்சிரும் போல இருக்கே!"

அடுத்தது, தாடைக்குக் கீழே வார்கள் குறுக்காகப் போவது. இழுத்தால் இறுகியது, விட்டால் உடனே தளரவில்லை. விட்டது தெரியாவிட்டால் குதிரைக்கு என்ன புரியும்? டாஃபி முகத்தைத் தொங்கப்போட்டது. கடைசியில், அகலமான மெத்துத் தோல் மூக்குப்பட்டை, இரண்டு பக்கமும் லகானுக்கு ஒரு வளையம், வேறு ஒன்றுமில்லை. அதைப் போட்டதும் டாஃபி உதட்டை நக்கிக்கொண்டு, கழுத்தை இறக்கி, லோர்னாவின் தோளில் பெருமூச்சு விட்டது.

"இதேதான்டி செல்லம்" என்றாள் லோர்னா. கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

ஆனால் வெர்ன் ஒத்துக்கொள்வாரா? தோல்பட்டையைக் கண்டால் ஊரைக் கூட்டிச் சிரிப்பார். அதனால் போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம், பொரித்த ஆட்டுக்கறி தின்றுவிட்டு அவர் குறட்டை விட்ட நேரத்தில், லோர்னா இரும்பு வெட்டும் ரம்பத்தை எடுத்தாள். அண்ணனுடைய அருமைக் கம்பியில் வாய்க்குள் போகும் பாகத்தை மட்டும் அறுத்தெடுத்தாள். வெளியே பளபளக்கும் இரண்டு காம்புகளையும் மூக்குப்பட்டையின் வளையத்தில் அழகுக்குத் தொங்கவிட்டு, லகானை நேராகப் பட்டையில் மாட்டினாள். மேலே உட்கார்ந்து பார்த்தால் பழைய கடிவாளமேதான்.

கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம் அவளுக்கு அதிகமில்லை. வெர்னின் தோள்பட்டை உடைந்த நாளிலிருந்து ஆறு வருடமாகக் குதிரைக்குக் கடிவாளம் மாட்டிக்கொடுப்பவள் லோர்னாதான். அவருக்குக் கிட்டத்துப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டும். தொப்பியின் அழகு கெடுமாம், போடமாட்டார்.

சனிக்கிழமை காலை. மைதான வாசலில் சேணமும் கடிவாளமும் சோதிக்கிற வேலை டல்சிக்கு. டாஃபியின் உதட்டை விலக்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். லோர்னாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இருமினாள்.

"என்ன டல்சி, சளியா?" என்றார் வெர்ன்.

"புழுதி அண்ணே, புழுதி. தையல் பலமா இருக்கு. வார் பலமா இருக்கு. வாய்க்குள்ள என்ன இருக்கணும்னு நம்ம விதிப் புத்தகத்துல ஒண்ணுமில்ல. போங்க."

"பார்த்தியா, எவ்வளவு சமர்த்தா நிக்குது! எல்லாம் கம்பி செய்யற வேலை!"

வெர்ன் உள்ளே போனதும் லோர்னா வேலியோரம் ஓடினாள். தான் நினைத்தது தப்பாக இருந்தால் டாஃபிக்கு லாரி. அதுமட்டுமா? இந்தக் கிழவரை ஏதோ ஒரு வேலியில் கொண்டுபோய் அறைந்துவிட்டால்? பாவி, கூடப்பிறந்தவனையே பணயம் வைத்துவிட்டேனே என்று வேலிக்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாடு பிரிந்தது. முதல் கம்பத்தை டாஃபி மாட்டின் தோளோடு தோள் உரசிச் சுற்றியது. இரண்டாவதும் ஆயிற்று. கடைசி வாசலில் மாடு டிமிக்கி கொடுத்துவிட்டு இடப்பக்கம் பாய்ந்தது. நடுவர் சாட்டையைச் சொடுக்கினார்.

சத்தம் கேட்ட மாத்திரத்தில், மூன்று வருடப் பழக்கம், வெர்ன் லகானைப் பிடுங்கி இழுத்தார். அப்போதுதான் லோர்னாவுக்குச் சுரீரென்று உறைத்தது. குதிரை சாட்டைக்குப் பயந்து ஓடவில்லை! சாட்டைக்கு அடுத்தபடி வாயில் விழும் இடிக்குப் பயந்துதான் ஓடியிருக்கிறது!

டாஃபி தலையைத் தூக்கியது. இடிக்காகக் காத்திருந்தது. வாயில் ஒன்றும் வரவில்லை. ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பி, என்னப்பா ஆச்சு என்பதுபோல் கேட்டது. பிறகு நின்றது. நின்ற வேகத்தில் வெர்னின் தொப்பி மட்டும் முன்னால் பறந்துபோய்ப் புழுதியில் விழுந்தது.

கேக் மேசைப் பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வெளியே வந்த வெர்னைச் சுற்றிக் கூட்டம். மாடு தப்பிய பேச்சே இல்லை.

"கம்பின்னா இதுதான்யா கம்பி! நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்று மார்தட்டினார் வெர்ன்.

"எங்க, காட்டுங்க. என் குதிரைக்கும் ஒண்ணு செய்யச் சொல்றேன்" என்றான் ஒருவன்.

ஊர் முன்னால் மானம் போனால் அண்ணன் கோபத்தில் என்ன செய்வார் என்று லோர்னாவுக்குத் தெரியும். "நான் அவுத்துட்டு வரேன்" என்று பாய்ந்தாள்.

"நீ தள்ளு" என்று, நல்ல கையால் டாஃபியின் உதட்டை விலக்கி, விரலை உள்ளே விட்டார் வெர்ன். விரல் தேடியது. இன்னும் கொஞ்சம் தேடியது. எதிலோ போய் நின்றது. நாக்கின் பள்ளத்தில்தான். அங்கிருந்து நகர்ந்து ஈற்றின் தழும்பைத் தடவியது. டாஃபி அசையாமல் நின்றது.

அவர் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

வெர்ன் உதட்டை மெல்ல மூடிவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"காட்டமாட்டேன். இது உலகத்துல ஒண்ணுதான் இருக்கு. எவனுக்கும் கிடையாது, போங்கடா!"

கூட்டம் கலைந்தது. அவர் குனிந்து, யாரோ எடுத்துக் கொடுத்திருந்த தொப்பியைப் புழுதி போகத் தட்டினார், தேவைக்கு மேல் நேரம் தட்டினார்.

"அந்தக் கம்பி எங்க புள்ள?"

"கோழிக்கூட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளாப் போட்டிருக்கேன்."

"நல்லாப் பிடிக்குதா?"

"ஒரு கோழியும் ஓடலண்ணே."

வெர்ன் தலையாட்டிக்கொண்டே, தழும்பு தடவிய அதே விரல்களால் டாஃபியின் நெற்றியைச் சொறிந்துவிட்டார்.

"அப்ப அங்கேயே கிடக்கட்டும்" என்றார். "லாரிக்காரனுக்கு நீயே சொல்லிரு, செவ்வாய்க்கிழமை வரவேணாம்னு."