வினிகரில் கழுவிய ஃபில்டர்

ஜெனரேட்டரை வைத்திருந்த பலகைப் பெட்டியின் மூடியை நான் திறந்து வைப்பேன். என் நாத்தனார் வெர்னா வந்து மூடுவார். அந்த வாரம் முழுக்க இதுதான் நடந்தது.

"பக்கத்து முகாம்காரங்க தியானம் பண்றாங்க மேவிஸ். உன் மெஷின் அவங்க மண்டைக்குள்ள ஓடுதாம்."

"மூடினா சூடாயிடும். அதுக்குக் காத்து வேணும்."

"நீ இந்தக் குடும்பத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே இந்தப் பெட்டி இருக்கு."

"அதுக்குள்ள இருந்த மெஷின் போன வருஷம் செத்துப் போச்சே."

என் கணவன் டோபின் சற்றுத் தள்ளிக் கூடாரத்துக்கு இரும்பு முளை அடித்துக்கொண்டிருந்தான். முளை ஏற்கெனவே நன்றாக இறங்கியிருந்தது. அவன் அடிப்பதை நிறுத்தவில்லை.

நெவாடாவின் அந்த வறண்ட ஏரிப் படுகையில் கோடையின் கடைசியில் ஒரு வாரத்துக்கு மட்டும் கூடார நகரம் ஒன்று எழும். அங்கே யாரும் எதையும் விற்பதில்லை. ஒவ்வொரு முகாமும் வருகிறவர்களுக்கு எதையாவது சும்மா கொடுக்க வேண்டும். வெர்னாவின் முகாம் கொடுப்பது ஐஸ் காபி. அதற்கு ஃப்ரீசர் வேண்டும், காபி அடிக்கும் மிக்ஸி வேண்டும், பாட்டு வேண்டும். எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். அவர்களுடைய பழைய ஜெனரேட்டர் புழுதி தின்று செத்துப்போனதால் இந்த வருஷம் என்னுடையதையும், கூடவே என் ஃப்ரீசரையும் கேட்டார்கள்.

நான் தங்கச் சுரங்கம் ஒன்றின் ஆய்வகத்தில் கல்லைப் பொடித்து உருக்கி, அதில் எவ்வளவு தங்கம் என்று பார்க்கிறவள். பிரசவ விடுப்பு முடிந்து அடுத்த வாரம் நீண்ட ஷிஃப்டுகள் தொடங்குகின்றன. ஷிஃப்டு தொடங்கினால் பால் குறைந்துவிடும் என்று உடன் வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் சொன்னார்கள். ஓட்டிஸுக்கு எட்டு மாதம். பசும்பால் கலந்த எதைக் கொடுத்தாலும் அவன் மலத்தில் ரத்தம் போகிறது. அதனால் நானும் பால், தயிர், வெண்ணெய் எதையும் தொடுவதில்லை. ஷிஃப்டுக்கு முன் என்னால் முடிந்த அளவு தாய்ப்பாலை எடுத்து உறைய வைத்துச் சேர்க்க வேண்டும். குழந்தையை வின்னமக்காவில் தங்கை ஐரீனிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஃப்ரீசரில் பாதி எனக்கு என்று டோபின் வாக்குக் கொடுத்ததால்தான் வந்தேன்.

"பசும்பால் ஒத்துக்காதுன்னு இப்ப ஒரு ஃபேஷன்" என்றார் வெர்னா, நான் பால் இல்லாத காபி கேட்ட முதல் நாளே. "டோபினை நான் டின் பால்லதான் வளர்த்தேன். எப்படி இருக்கான் பாரு, எருமை மாதிரி."

டோபின் சிரித்தான். அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தது வெர்னாதான். அவர் எருமை என்றால் அது அவனுக்குப் பாராட்டு.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மதியம் புழுதி எழுந்தது. நான் என் ட்ரக்கில் உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பம்ப் வைத்துத் தாய்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் தெற்கே ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்தது. பிறகு சுவர் தெரியவில்லை, எதுவுமே தெரியவில்லை. ட்ரக்கின் முன்மூக்குகூட மறைந்துபோனது.

"மூடு! மூடு!" என்று எல்லாத் திசையிலிருந்தும் கத்தினார்கள். ஜிப்புகள் இழுபடும் சத்தம், தகரம் விழும் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். புழுதி வந்தால் அங்கே எல்லாரும் கண்ணில் படுவதையெல்லாம் மூடுவார்கள். அது கையின் பழக்கம். யோசித்துச் செய்வதில்லை.

அதற்கு நடுவே ஜெனரேட்டரின் சத்தம் மாறியது. திடீரென்று போர்வைக்குள் போனதுபோல மங்கியது. பிறகு ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடியது. மூச்சு முட்டுகிறது என்று புரிந்தது. எனக்கு நெஞ்சில் பம்ப் மாட்டியிருந்தது. கழற்றி, பையைக் கட்டி, சட்டையைச் சரிசெய்வதற்குள் அது நின்றுவிட்டது. பாட்டும் நின்றது.

முகமூடியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, கூடாரக் கயிற்றைப் பிடித்தபடி போனேன். பெட்டியின் மூடி சாத்தியிருந்தது. காற்றுப் போவதற்காக நான் அறுத்திருந்த துளைகளின் மேல் ஈரத்துண்டு ஒன்று ஆணியால் அடிக்கப்பட்டிருந்தது. அந்த ஈரத்தில் புழுதி படிந்து சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. மூடியைத் தூக்கியபோது சூடு முகத்தில் அறைந்தது. பெயின்ட் கருகும் வாடை.

ஆறும்வரை காத்திருந்தேன். காற்றும் அதற்குள் தணிந்தது. ஃபில்டர் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த ஸ்பாஞ்சு எண்ணெயில் ஊறிப் பழுப்பாக, கையில் ஒட்டும்படி இருக்க வேண்டும். அது காய்ந்து, வெளுத்து, சுத்தமாக இருந்தது. முகர்ந்தேன். வினிகர்.

இந்தப் புழுதியில் சுண்ணாம்பு மாதிரிக் காரம் அதிகம். காலைப் பிளக்கும், உதட்டைப் பிளக்கும். அதை முறிக்க அங்கே வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் வினிகர் போடுவார்கள். காலைக் கழுவ, பாத்திரம் கழுவ, சைக்கிள் செயினைக் கழுவ.

பெரிய கூடாரத்துக்குள் போனேன். புழுதிக்கு ஒதுங்கிய கூட்டம் காபிக் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தது. நடுவில் வெர்னா நின்றார்.

"வந்துட்டா எங்க வீட்டு விஞ்ஞானி" என்றார். "சரி பண்ணிட்டியா?"

"ஃபில்டரை யாரு கழுவினது?"

"நான்தான். காலையில பார்த்தேன். சாக்கடையில விழுந்த மாதிரி இருந்துச்சு. எண்ணெய்ப் பிசுக்கு. நல்லா ஊறவெச்சுக் கழுவி, காயவெச்சு மாட்டினேன். தேங்க்ஸ் சொல்லணும்னு தோணலையா?"

"அந்த எண்ணெய்தான் புழுதியைப் பிடிக்குது. எண்ணெய் இல்லாட்டி எல்லாம் நேரா எஞ்சினுக்குள்ள போயிடும்."

"எண்ணெய்ல புழுதி ஒட்டும்னு எனக்கும் தெரியும். அதனாலதானே கழுவினேன்."

கூட்டத்தில் ஒருவர் தலையாட்டினார். அவருக்கு அது நியாயமாகப் பட்டது போலும். எனக்கு ஆட்களின் முன் நின்று பேச வராது. திரும்பிப் போனேன்.

தரையில் ஒரு சொட்டுகூட விழக் கூடாது என்பது அங்கே சட்டம். தட்டை அடியில் வைத்து, பழைய எஞ்சின் எண்ணெயைக் காலி காபி டப்பாவில் இறக்கினேன். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தேன். நெறுநெறுத்தது. அந்தச் சத்தம் எனக்குப் பல்லில் கேட்டது. காற்றுக் குழாயின் வாயைத் துணியால் துடைத்தேன். ஸ்பார்க் ப்ளக்கைப் பிரஷ்ஷால் தேய்த்தேன். எண்ணெயில் பிழிந்து பையில் வைத்திருந்த மாற்று ஸ்பாஞ்சைப் போட்டேன். புது எண்ணெய் ஊற்றினேன். எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் எரிந்தது. கடைசியில் இருமி, வெள்ளைப் புகை கக்கி, ஓடியது. முன்பு போல இழைந்து ஓடவில்லை. உள்ளே எதையோ மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம் சேர்ந்திருந்தது.

பிறகு ஃப்ரீசரைப் பார்க்கப் போனேன். மூடிக்கும் விளிம்புக்கும் இடையில் ஐஸ் அள்ளும் கரண்டியின் காம்பு மாட்டியிருந்தது. விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. உள்ளே ஐஸ் மூட்டை ஒன்றுகூட இல்லை. பால் பைகளில் மேல் அடுக்கு முழுக்கத் தண்ணீராக ஆடியது. நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே பனித்துகள்கள் இன்னும் நொறுங்கின. அடி அடுக்கு கெட்டியாக இருந்தது. துகள் இருக்கும்வரை மறுபடி உறைய வைக்கலாம். முழுதாக உருகியதை ஒரு நாளுக்குள் குடிக்க வேண்டும், அல்லது கொட்ட வேண்டும்.

"ஐஸ் எல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"புழுதியில தவிச்சு வந்தவங்களுக்குக் கொடுத்தேன்" என்றார் வெர்னா. "அதுக்குத்தானே இங்க இருக்கோம்."

"மூடியில கரண்டி மாட்டியிருந்துச்சு. பால் உருகிடுச்சு."

"உருகினா திரும்ப உறைய வை. இதுகூடவா சொல்லித் தரணும்?"

"இதை உறைய வைக்கக் கூடாது. உடனே குடிக்கணும்."

"அப்ப விடு, காபியில ஊத்திடலாம். எங்க கிட்டயும் பால் தீர்ந்துபோச்சு."

கூடாரமே சிரித்தது. டோபினும் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

வெளியே போய், ஜெனரேட்டரிலிருந்து முகாமுக்குப் போகும் வயரைப் பிடுங்கினேன். அப்போதுதான் திரும்பப் போட்டிருந்த பாட்டு பாதிச் சொல்லில் அறுந்தது.

"என்னாச்சு, மறுபடியும் செத்துடுச்சா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"இல்ல. எடுத்துட்டுப் போறேன்."

டோபின் ஓடி வந்தான். "மேவிஸ், நாளைக்கு ஒரு நாள்தான். நாளைக்குத்தான் பெரிய கூட்டம் வரும். அக்காவைப் பத்தித் தெரியாதா உனக்கு? வாய்தான்."

"ஒரு பக்கம் பிடி."

அவன் பிடிக்கவில்லை. கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தான். ஆனால் அந்த ஊரில் யாராவது எதையாவது தூக்கத் திணறினால், வழியில் போகிறவர் மறுபக்கத்தைப் பிடித்துவிடுவார். ஏன் என்று கேட்க மாட்டார். பக்கத்துத் தியான முகாமிலிருந்து மொட்டைத் தலையர் ஒருவர் வேலியைத் தாண்டி வந்தார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"வீட்டுக்கு."

"ரொம்ப நல்ல காரியம்" என்று சொல்லி முழுப் பாரத்தையும் தன் பக்கம் வாங்கிக்கொண்டார். ஃப்ரீசருக்கு அவருடைய ஆட்கள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஜெனரேட்டரை ட்ரக்கின் பின்னால் இருக்கும் திறந்த தட்டில் கடைக்கோடியில், புகை பின்னால் போகும்படி கட்டினேன். ஃப்ரீசரை அதில் செருகி, அங்கேயே ஓட விட்டேன். தார்ச்சாலை வரும்வரை ஓடினால் நடு அடுக்கு பிழைக்கும்.

கிளம்பிவிட்டேன். ஆனால் அந்த நகரத்துக்குள் வண்டிகள் நடை வேகத்தில்தான் போகலாம். அதற்கு மேல் போனால் புழுதி கிளம்பும், காவலர்கள் நிறுத்திவிடுவார்கள். கோபத்தில் வீட்டைவிட்டுப் போகிறவளுக்கு ஏற்ற வேகம் இல்லை அது. வெர்னா என் ஜன்னலோடு ஜன்னலாக நடந்து வந்தார்.

"ஊரே வேடிக்கை பார்க்குது. நல்லா இருக்கா உனக்கு?"

நான் சாலையைப் பார்த்தேன்.

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியல, இல்ல?"

"எனக்கு முடியும். பாலுக்கு முடியாது."

"கைக்குழந்தையை விட்டுட்டுப் பாலைவனத்துக்கு வந்தவ, இப்ப பாலுக்கு அழறா!"

"நீங்கதானே வரச் சொன்னீங்க."

"உன்னையா? மெஷினைத்தான் வரச் சொன்னேன்."

சைக்கிளில் போன ஒருவர் எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கையசைத்தார். வெர்னாவும் பழக்கத்தில் கையசைத்துவிட்டுத் தொடர்ந்தார். நான் வந்ததிலிருந்து டோபின் சிரிப்பதே இல்லை என்றார். நான் ஒருநாளாவது கோப்பை கழுவினேனா என்றார். என் ட்ரக்கின் புழுதியில் அவருக்கு இருமல் வந்தது. அவர் முகமூடியைக்கூட எடுக்காமல் வந்திருந்தார். இருமல் நிற்கவில்லை. நான் என்னுடையதைக் கழற்றி ஜன்னல் வழியே நீட்டினேன். வாங்கி மாட்டிக்கொண்டார். அதற்குள்ளிருந்தும் திட்டினார். சொற்கள் மட்டும் தெளிவாகக் கேட்கவில்லை.

வெளிவாசலில் வரிசை நின்றிருந்தது. அங்கே வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. வெர்னா ட்ரக்கின் பின்தட்டுப் பக்கம் போய் ஃப்ரீசர் மூடியில் கை வைத்தார்.

"காட்டு. அப்படி என்ன குடிமுழுகிப் போச்சுன்னு நானும் பார்க்கிறேன்."

நான் இறங்கி ஓடி, மூடியின் மேல் என் உள்ளங்கையை அழுத்தினேன். "திறக்காதீங்க."

இருவரின் கைகளும் மூடியின் மேல் இருந்தன. அடியில் மோட்டார் அதிர்ந்தது. அவர் ஒருமுறை தூக்கப் பார்த்தார். நான் உடம்பின் முழு எடையையும் போட்டேன். முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது, பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். வெர்னா கையை எடுத்தார்.

"டோபினை எங்கிட்ட விட்டுட்டுத்தான் போற" என்றார். "ஞாபகம் வெச்சுக்கோ."

"சரி" என்றேன்.

தார்ச்சாலை ஏறியதும் ஜெனரேட்டரை அணைத்தேன். அணைந்த பிறகும் அந்த மெல்லுகிற சத்தம் காதில் கொஞ்ச நேரம் இருந்தது.

வின்னமக்கா சேரும்போது வெளிச்சம் இருந்தது. நடு அடுக்கில் பாதி இறுகியிருந்தது. ஐரீனின் ஃப்ரீசரில் அதையும் அடி அடுக்கையும் அடுக்கினேன். உருகிய பைகளில் ஒன்றை வெந்நீரில் வைத்தேன். இன்றும் நாளையும் அவன் எவ்வளவு குடித்தாலும் பாதிக்கு மேல் கொட்டத்தான் வேண்டும். உறைந்து மிஞ்சியிருப்பது முதல் ஷிஃப்டு முடிவதற்குள் தீர்ந்துவிடும்.

ஓட்டிஸ் என்னைப் பார்த்ததும் வீறிட்டான். என் தலை, புருவம், இமை எல்லாம் வெள்ளையாக இருந்தன. ஐரீனின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நான் கை நீட்டியபோது காலால் உதைத்தான்.

"முதல்ல குளிச்சிட்டு வாடி" என்றாள் ஐரீன். "பேய் மாதிரி இருக்க."

"முதல்ல குடிக்கட்டும்."

அவள் பாட்டிலை வாங்கி அவன் வாயில் வைத்தாள். ஒருமுறை தள்ளினான். பிறகு பிடித்துக்கொண்டான். உறிஞ்சும்போது கண்ணை என்மேலிருந்து எடுக்கவே இல்லை, நான் அதைத் திருப்பிக் கேட்டுவிடுவேன் என்பதுபோல.

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் புழுதியைத் தட்டிவிட்டு, பம்ப்பை எடுத்து மாட்டினேன்.