உளிகள் வந்த நாள்

2025 பெப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை.

இன்று ஜுனைதா ஒரு சிறு பிழை செய்தாள். கணவர் பெயருக்கு வந்த பார்சலை உடைத்துவிட்டாள். மருந்துக் கவர்கள் வரவேண்டும் என்று அவருடைய டிஸ்பென்சரியில் வேலை செய்யும் நிப்லா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுதான் என்று நினைத்து, பெயரைக்கூடப் பார்க்காமல், மீன் வெட்டும் கத்தியாலேயே அறுத்துத் திறந்தாள். உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய சின்னச் சின்ன உளிகளும், ஒரு மரச் சுத்தியலும், செங்கல் அளவில் ஒரு மரத்துண்டும் இருந்தன.

மரம் செதுக்கும் சாமான். அவள் குசினிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கணவர் டொக்டர் சாலிஹுக்கு எத்தனை பொழுதுபோக்கு என்று உக்குவளையில் எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். மீன் தொட்டி, பழைய மணிக்கூடு, ஒட்டு ரோஜா, தேன் பெட்டி, அரபு எழுத்து வரைவது. "எங்கட டொக்டருக்கு இடைக்கிட வருத்தக்காரரப் பாக்கிற பழக்கமும் இரிக்கி" என்று பள்ளிவாசல் முன்னால் யாரோ சொன்னது ஊரெல்லாம் சுற்றி அவர் காதுக்கே வந்தபோது அவரும் சிரித்தார். எதைத் தொட்டாலும் ஒழுங்காகப் படிப்பார். ஒரு வருடம் அதிலேயே கிடப்பார். பிறகு தொட்டி வற்றும், ரோஜாவில் பூச்சி விழும்.

ஊருக்குத் தெரியாத ஒன்று ஜுனைதாவுக்குத் தெரியும். அவளுக்கே அது தேன் பெட்டி வந்தபோதுதான் பிடிபட்டது. வரகாமுறையிலிருந்து டெங்குவோடு தூக்கிவந்த பிள்ளை, உடனே கண்டிக்கு அனுப்பியும் தப்பவில்லை. அடுத்த கிழமை வீட்டுக்கு மீன் தொட்டி வந்தது. தேயிலைத் தோட்டத்து நடராஜா நெஞ்சு நோகிறது என்று வந்து, டொக்டரின் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடினார். மேசையெல்லாம் மணிக்கூடுகள் நிறைந்தன. பல்லேபொலப் பெண் ஒருத்திக்குப் பிறகு ரோஜா. கொரோனா காலத்தில் ஒரே மாதத்தில் மூன்று பேர் போனார்கள். தேன் பெட்டியும் அரபு எழுதுகோல்களும் சேர்ந்தே வந்தன. இதைப் பற்றி அவள் ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை. அவருக்கே தெரியுமோ என்னவோ.

போன புதன்கிழமை அவர் கண்டிக்குப் போனார். ஜுனைதாவின் மார்பிலிருந்த கட்டியில் எடுத்த சதைத்துண்டின் ரிப்போர்ட்டும் ஸ்கேனும் அன்றைக்குக் கிடைக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தவர், இன்னும் தரவில்லை, அடுத்த கிழமை பார்க்கலாம் என்றார். பிறகு கட்டுகஸ்தோட்டையில் பிடித்த மழையைப் பற்றி வழக்கத்தைவிட நீளமாகப் பேசினார்.

உளிகளைப் பார்த்தபடி, வேறு யாராவது செத்திருக்க வேண்டும் என்று ஜுனைதா ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டதற்கு அந்த நிமிடமே மன்னிப்பு வேண்டித் தவ்பாவும் கேட்டாள். ஆனாலும் ஆசை போகவில்லை. வீட்டுக்கும் டிஸ்பென்சரிக்கும் நடுவில் ஒரு கதவுதான். அதைத் திறந்து போய், நம்ம வருத்தக்காரர் யாரும் அண்மையில் மௌத்தானார்களா என்று நிப்லாவிடம் கேட்டாள்.

நிப்லா மாத்திரை எண்ணுவதை நிறுத்தி யோசித்தாள்.

"இல்லையே மாமி. எல்லாரும் நல்லாத்தான் இரிக்காங்க. வஹகோட்டை அந்தோனி ஐயாவுக்குத்தான் கடுமையா இருந்திச்சி. அவரும் நேத்து வந்து, மருந்து கசக்குதுன்னு என்னய ஏசிட்டுப் போனாரு."

ஜுனைதா சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தாள். உளிகளை மறைத்து வைக்கலாமா என்று ஒரு தரம் நினைத்தாள். மறைக்கவில்லை. சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்திலேயே வரிசையாக வைத்தாள்.

பகல் சாப்பாட்டுக்கு வந்த சாலிஹ் மேசையைக் கண்டதும் நின்றார். பிறகு சின்ன உளியைக் கையில் எடுத்து, இவ்வளவு கெதியாக வருமென்று நினைக்கவில்லை, இந்த மரம் மிருதுவானது, பழகுவதற்கு நல்லது என்று தொடங்கினார்.

அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "யாரு மௌத்தாப் போனது?"

அவருக்கு விளங்கவில்லை. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிள்ளையும் மீனும், நடராஜாவும் மணிக்கூடும், பல்லேபொலப் பெண்ணும் ரோஜாவும். குரலை உயர்த்தவில்லை. தன்னுடைய வருத்தத்தை இன்னொருவர் சொல்லக் கேட்கும் நோயாளியைப் போல அவர் உளியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் போன பொறகுதானே புதுசா ஒண்டு தொடங்குவீங்க. எனக்கு மட்டும் ஏன் முந்திட்டீங்க? நான் இன்னும் இரிக்கேனே."

உளியை அவர் மேசையில் வைத்தார். ரிப்போர்ட் புதன்கிழமையே கையில் கிடைத்துவிட்டது என்றார். கட்டி ஈரல் வரைக்கும் பரவியிருக்கிறது. மருந்து கொடுப்பார்கள், ஆனால் சுகப்படுத்துவதற்கு இல்லை, தள்ளிப்போடுவதற்குத்தான். இன்னும் இரண்டு கிழமைக்குள் நோன்பு வருகிறது, அதை அவள் நிம்மதியாகப் பிடிக்கட்டும், பெருநாள் முடிந்து சொல்லலாம் என்று இருந்தாராம். உளிகளை ஏன் வாங்கினார் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்டியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஃபோனை எடுத்து ஓர்டர் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான் ஞாபகம். பாதி வரைக்கும் டொக்டரின் குரலில் சொன்னார். மீதியை அந்தக் குரலில் சொல்ல முடியவில்லை.

"பெருநாளைக்கு இருப்பேனா?"

"இந்தப் பெருநாளைக்கு இருப்பே."

அதற்கு இரண்டு மாதம் கழித்து வரும் ஹஜ்ஜுப் பெருநாளைப் பற்றி அவர் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. சோறு ஆறிப்போயிற்று.

அவர் உளிகளைத் திரும்பச் சுற்றத் தொடங்கினார். அனுப்பிவிடுகிறேன் என்றார்.

"வேணாம், வையிங்க. இதையாச்சும் பாதியில விடாம முடிங்க."

அதைக் குத்திக்காட்டத்தான் சொன்னாள். சொன்ன பிறகு, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. பின்னேர வருத்தக்காரர்கள் வாங்குப் பலகையில் வந்து காத்திருப்பதாக நிப்லா கதவைத் தட்டினாள். சாலிஹ் முகத்தைக் கழுவிக்கொண்டு போனார். இருமல் எப்போதிருந்து என்று அவர் யாரிடமோ கேட்பது குசினி வரைக்கும் கேட்டது. பதில் வந்த பிறகு, அதே கேள்வியை அவர் இன்னொரு தரம் கேட்டார்.

மருந்து தொடங்குவதற்காக நாளை காலை முதல் பஸ்ஸில் இருவரும் கண்டிக்குப் போக வேண்டும். இரத்தம் எடுப்பார்கள், அதனால் அவள் வெறும் வயிற்றோடு போக வேண்டும். டிஸ்பென்சரி மூடியிருக்கும் என்று நிப்லா கதவில் எழுதி ஒட்ட வேண்டும்.