நுரைத்த வாளி

திருவரங்குளத்துக்குப் பக்கத்தில், வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்த் தொட்டி போட்டு ஜிலேபி மீன் வளர்த்தான் உதயசூரியன். ஒன்பது வருடம் கத்தாரில் வெல்டராக வெந்தவன். இந்த மீன் தேறினால் திரும்பிப் போவதில்லை என்று மனைவி அமிர்தவல்லியிடம் சொல்லியிருந்தான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஏழு மாதமாகச் சிரித்தாள்.

கடைத் தீவனத்தில் மீன்தூள்தான் சத்து. விலையோ யானை விலை. கடலைப் புண்ணாக்கு, வறுத்த சோயா, தவிடு சேர்த்தால் மீன்தூளே வேண்டாம் என்றான் இவன். "மீனைச் சைவமாக்கப் பாக்குறியாடா?" என்று சித்தப்பா முறை கண்ணுசாமி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். மீன்களுக்கு அது காதில் விழவில்லை போலிருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தன.

புண்ணாக்கை முதல்நாளே ஊறவைத்து, காலையில் பிசைந்து உருண்டை பிடித்துப் போடுவது அவன் வேலை. மீன் பிடிக்க நான்கு நாள் இருக்கையில் அவனுக்குக் காய்ச்சல். தூங்கட்டும் பாவம் என்று அவளே இறங்கினாள். கொட்டகையில் இரண்டு வாளி. ஒன்றில் கடலைப் புண்ணாக்கு. மற்றதில், கத்தரிச் செடிக்குப் பூச்சி விரட்ட அவளே ஊறவைத்த இலுப்பைப் புண்ணாக்கு. விடிந்தும் விடியாத நேரத்தில் இரண்டும் ஒரே கறுப்பு. பிசையும்போது நுரைத்தது. நன்றாக ஊறியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள், பைத்தியக்காரி.

குளத்தில் வேண்டாத மீனை ஒழிக்கக் கரைப்பதே இலுப்பைப் புண்ணாக்கைத்தான். வெயில் ஏறுவதற்குள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. உச்சிப் பொழுதில் தொட்டி முழுக்க வெள்ளை வயிறு.

"மீன்தூள் இல்லாம ஆகாதுன்னு அப்பவே சொன்னேன்ல?" என்றார் கண்ணுசாமி.

"ஆமா சித்தப்பா. என் தீவனந்தான் தப்பாப் போச்சு" என்றான் உதயசூரியன்.

கொட்டகையில் கடலை வாளி நிறைந்தபடியே இருந்ததைப் பார்த்ததுமே அமிர்தவல்லிக்குப் புரிந்துவிட்டது; அதைச் சொல்ல அவ்வளவு பயம்.

அடுத்த மாதமே விசா வந்துவிட்டது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் கிளம்பப் போகிறபோதுதான் அவள் உடைந்துபோனாள்.

"என்னங்க, ஒங்க தீவனத்துல தப்பே இல்லீங்க. நாந்தான் இலுப்பை வாளியை..."

"தெரியும். நாந்தானே அந்த வாளியைக் கழுவிக் கவுத்து வச்சேன். ஊருக்குத் தெரிஞ்சா ஒன்னையச் சும்மா விடுவாங்களா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப இன்னொரு தடவை போடுவோங்க. போகாதீங்க."

"இன்னொரு தடவை போடத்தான் போறேன் அமிர்தம்."

எத்தனை வருடம் என்று அவள் கேட்பதற்குள் கண்டக்டர் விசிலடித்துவிட்டார்.

பஸ் திரும்பி மறைந்தது. மகள் கலைமதி கொஞ்ச நேரம் கையாட்டினாள். பிறகு அம்மாவின் பக்கம் கையை நீட்டினாள்.

"போனைக் குடும்மா. அப்பா இனிமே அதுலதானே இருப்பாங்க?"