கேன்சல் பண்ணியது யார்?

அருளப்பன் சித்தப்பா இறந்துபோன செய்தி ராஜபாளையத்துக்கு வந்தபோது ஹெப்சிபா கொடைக்கானலுக்கு ஸ்வெட்டர் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் வேன். அடக்கமும் அதே மறுநாள் பதினொரு மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில். தகப்பன் இல்லாத பிள்ளையான அவளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்த மனுஷர். சவப்பெட்டியை மூடுவதற்குள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அதைத் தவிர அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை.

புருஷன் பெலிக்ஸுக்கு வேறொன்று ஓடியது. பேண்டேஜ் கம்பெனி கொடுத்த போனஸ் மொத்தத்தையும் வேன், ரூம் என்று டூர் நடத்தும் தங்கப்பாண்டியனிடம் முன்பே கட்டியிருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் மச்சினன் ஜோயலுக்குப் போன் போட்டான்.

"அத்தான், நீங்க அனுப்புன ரசீதைப் பாத்தேன். கடைசி நேரத்துல நீங்க கேன்சல் பண்ணா ஒரு பைசா வராது. அவரு கேன்சல் பண்ணா முழுசும் தந்தாகணும். தரலன்னா நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுத்துரலாம். நீங்களா வாயத் தொறந்து அந்த வார்த்தையச் சொல்லிராதீய."

பின்னால் ஒப்பாரி கேட்டது. இறந்தவர் ஜோயலுக்கும் சித்தப்பாதான். ஆனால் சட்டம் வேறு, துக்கம் வேறு.

"அவரு எதுக்குலே கேன்சல் பண்ணப் போறாரு?"

"அவரு மொத வேன் வாங்க பேங்க்ல ஜாமீன் போட்டதே சித்தப்பாதான? இழவுக்கு வராம இருந்துருவாரா?"

ஆக, இரண்டு பேருமே கொடைக்கானல் போகப்போவதில்லை. அதை யார் முதலில் சொல்வது என்பதுதான் பாக்கி. சாயங்காலம் பெலிக்ஸ் போன் செய்தான்.

"தங்கப்பாண்டி, காலைல வண்டி உண்டுல்லா?"

"உண்டு அண்ணாச்சி. நீங்க வாரியள்ல?"

"வாரோம்."

"ரொம்ப சந்தோசம்."

இழவைப் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை.

காலையில் முன்கண்ணாடியில் 'இன்பச் சுற்றுலா' என்ற தட்டியோடு வேன் வந்து நின்றது. தங்கப்பாண்டியன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் இறங்கினார். பெலிக்ஸும் அப்படியே. கொடைக்கானல் குளிரைப் பற்றி இருவரும் சற்று நேரம் பேசினார்கள். ஸ்டியரிங் பக்கத்தில் ஆள் உயர ரோஜா மாலை ஒன்று கிடந்தது.

"சாமி படத்துக்கு" என்றார் தங்கப்பாண்டியன். படம் உள்ளங்கை அகலம்.

டூரை முழுமனதாக நம்பி, ஸ்வெட்டர் போட்டு ஏறியவர்கள் ஹெப்சிபாவின் பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும்தான்.

அரைமணி நேரப் பாதையில் வேன் மாட்டுவண்டிக்கு வழிவிட்டுப் போனது. ஒரு டீக்கடையில் நின்றது. டயரைத் தட்டிப் பார்க்க நின்றது. அடுத்த டீக்கடையிலும் நின்றது. கேன்சல் என்று எதிராளி சொல்லிவிடுவான் என்ற நம்பிக்கையில் இருவரும் ஊதி ஊதிக் குடித்தார்கள். மணி பத்தைத் தாண்டியது. ஹெப்சிபாவுக்கு இரண்டு தலையையும் பிடித்து முட்டவிடலாம் போலிருந்தது. இவர்கள் ரோஷத்துக்கு நடுவில் அங்கே பெட்டியை மூடிவிடுவார்கள்.

"தங்கப்பாண்டி அண்ணே, பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல நிப்பாட்டுவோம்னு ரசீதுல போட்டிருக்கியள்ல?"

"ஆமா தங்கச்சி."

"எந்தக் கடைன்னு போடலியே. எங்க சித்தப்பா தெருமுனையில ஒரு கடை இருக்கு. அங்க நிப்பாட்டுங்க."

இரண்டு ஆண்களுக்கும் அப்போதுதான் உயிர் வந்தது. அதன்பிறகு வேன் பறந்தது.

பால்கோவா யாரும் வாங்கவில்லை. பெட்டி திறந்திருந்தது. ஹெப்சிபா ஓடிப்போய் சித்தப்பாவின் கன்னத்தைத் தொட்டாள். நெஞ்சு வெடித்து அழுதாள்.

இறந்தவரின் மனைவி செல்லத்தாய் சித்தி அவளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "கொடைக்கானல் போறியன்னு சொன்னாவளே! இவியளுக்காவ அதக் கேன்சல் பண்ணிட்டா வந்திய? யாருக்குய்யா இந்த மனசு வந்துச்சு?"

பெலிக்ஸ் தரையைப் பார்த்தான். தங்கப்பாண்டியன் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததுதான் தப்பு.

"நாந்தான் மதினி கேன்சல் பண்ணேன்." குரல் உடைந்துபோனது. "அண்ணன் போட்ட ஜாமீன் கையெழுத்துலதான என் பொழப்பே ஓடுது."

ஜோயல் பெலிக்ஸைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். தெருவே சாட்சி. இனி வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், முழுப் பணமும் வந்துவிடும்.

ஆனால் சித்தி தங்கப்பாண்டியனின் கையைப் பிடித்துக்கொண்டு, கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று அழுதாள். மற்ற பெண்களும் அதையே சொல்லி அழுதார்கள். சபையின் போதகர் ஐயர் ஜெபத்தில், தன் தொழிலையும் விட்டு ஓடிவந்த சகோதரன் தங்கப்பாண்டியனுக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். வீட்டு மருமகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெலிக்ஸின் காது சிவந்தது. ஆமென் சொல்லி முடிக்கும்வரைகூட அவனால் பொறுக்க முடியவில்லை.

"ஐயரே, அவரு இல்ல. மொதல்ல கேன்சல் பண்ணது நாந்தான். பணம் போனாப் போவுது, மாமா மொகந்தான் பெருசுன்னுட்டேன்."

ஜோயல் தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, இழவு வீட்டுல பொய் சொல்லாதிய. நாந்தான் சொன்னேன்."

"எப்பவே சொன்னீரு? நாந்தான்!"

இந்தச் சண்டையைக் கேட்டால் வயிறு குலுங்கச் சிரிக்கிற ஆள் பெட்டிக்குள் படுத்திருந்தார். ஹெப்சிபா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள்.

"செத்த நேரம் பொறுங்க" என்றாள் ஹெப்சிபா. "இவிய பேசி முடிக்கட்டும்."